அருகிய உயிரும் அடுத்த வீடும்

2019இல் கோலாலம்பூர் வங்சா மாஜுவில், அடுக்குமாடி வீடொன்றின் ஜன்னலில் தலையை நீட்டி அலறியது ஒரு சூரியக் கரடிக்குட்டி. காணொளி நாடெங்கும் பரவியது. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அதிகாரிகள் குட்டியை மீட்டார்கள். வளர்த்தவர் ஒரு பாடகி. சாலையோரம் கிடந்ததை நாய் என்று நினைத்துத் தூக்கி வந்ததாகச் சொன்னார். வளர்ந்தால் அது 65 கிலோ வரை எடை வரும், மரத்தைக் கிழித்துத் தேனெடுக்கும் நகமுள்ள விலங்கு.

சட்டம் இல்லாமலா இது நடந்தது? 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சூரியக் கரடி முழுப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. அமைச்சரின் சிறப்பு அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் அன்றைக்கே 1 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. 2022 திருத்தத்தில் அச்சட்டத்தின் உச்ச தண்டனை 10 லட்சம் ரிங்கிட், 15 ஆண்டு என உயர்ந்தது. வரவேற்க வேண்டிய திருத்தம்தான். ஆனால் உச்சவரம்பை மட்டும் நம்ப முடியாது. 2010இல் கேஎல்ஐஏ விமான நிலையத்தில் விலங்குக் கடத்தல்காரர் ஆன்சன் வோங்கின் பெட்டி பிய்ந்து 95 போவா பாம்புகள் பிடிபட்டன. அவருக்கு முதலில் 6 மாதச் சிறையும் அபராதமும்; உயர் நீதிமன்றம் அதை 5 ஆண்டாக்கியது; மேல்முறையீட்டு நீதிமன்றம் 17 மாதம் 15 நாளாகக் குறைத்து, 2012இல் அவர் வெளியே வந்துவிட்டார். ஒரே குற்றத்துக்கு மூன்று அளவுகோல் என்றால் கடத்துபவன் எதற்கு அஞ்சுவான்?

பெரிய குறை வேறிடத்தில். நம் பட்டியல்கள் ஓர் இனம் எவ்வளவு அருகிவிட்டது என்பதைத்தான் முதலில் பார்க்கின்றன. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அதனால் என்ன ஆபத்து என்பது மையக் கேள்வியாகவே இல்லை. மலைப்பாம்புக்கு உரிமம் வாங்கலாம். பட்டியலில் இல்லாத வெளிநாட்டு இனத்துக்கு இச்சட்டத்தில் உரிமமே தேவையில்லை. நாய்க்கோ நகராண்மைக் கழக லைசென்ஸ் வேண்டும். பிட்புல் இறக்குமதிக்குத் தடையே உண்டு.

பிரிட்டனின் 1976ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கேள்வியை நேராகவே கேட்கிறது. ஆபத்தான விலங்குக்கு உள்ளூர் மன்றத்தின் உரிமம் வேண்டும். கால்நடை மருத்துவர் கூண்டைப் பார்த்துச் சான்று தர வேண்டும். பிறருக்கு நேரும் பாதிப்புக்குக் காப்புறுதியும் எடுக்க வேண்டும். பெல்ஜியம் இன்னும் கறார்: வளர்க்கலாம் என்று பட்டியலிட்ட பாலூட்டிகள் தவிர மற்றவை கூடாது.

கரடி, புலியினம், குரங்கு ஆகியவற்றுக்கு பிரிட்டன் வழிகூட நமக்குப் போதாது. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியிலோ கிள்ளான் தாமானின் இணைப்பு வீட்டிலோ எந்த மருத்துவரும் இவற்றுக்கு நல்ல கூண்டென்று மனமறிந்து கையெழுத்திட முடியாது. பெல்ஜியத்தைப் பின்பற்றி, வளர்க்கத் தக்கவற்றின் பட்டியலை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். ஏற்கெனவே வீடுகளில் இருப்பவற்றைப் பதிவு செய்யக் கெடு கொடுத்து, மீட்டவற்றைப் பராமரிக்கும் செலவையும் அதே சட்டத்தில் ஒதுக்க வேண்டும்.