ஸ்பெக் பார்க்கிறவரும் போன் வாங்குகிறவரும்

"டெக் தெரிஞ்சவங்க இன்னைக்கு வாங்குறதைத்தான் ஊரே நாளைக்கு வாங்கும்." என்னை மாதிரி மென்பொருள் ஆட்களுக்கு ரொம்பப் பிடித்த கருத்து இது. எவரெட் ரோஜர்ஸ் 1962-ல் எழுதிய புத்தகத்தை இதற்குச் சாட்சியாகக் காட்டுவார்கள்: முதலில் 2.5 சதவீதம் பேர், அடுத்து 13.5 சதவீதம், அப்புறம் மற்றவர்கள்.

ஆனால் அந்த 2.5 சதவீதத்தாரை உள்ளூரில் அவ்வளவாக மதிக்க மாட்டார்கள் என்பதும் ரோஜர்ஸ் சொன்னதுதான். 'அவனுக்கென்ன, கையில காசு இருக்கு' கதைதான். சனங்க பார்ப்பது தன்னைப் போல இருக்கிற, கொஞ்சம் விவரமான ஆளை. அவருக்கு முன்பே, 1943-ல் ரையனும் கிராஸும் அமெரிக்காவின் அயோவாவில் வீரிய மக்காச்சோள விதை பரவியதை ஆராய்ந்தார்கள். விதையைப் பற்றி விவசாயிகள் முதலில் கேள்விப்பட்டது பெரும்பாலும் விற்பனையாளரிடம். நம்பி விதைத்ததோ பக்கத்து வயல்காரர் சொல்லி.

நம்ம ஊருக்கு வருவோம். 2014 ஜூலையில் ஷாவ்மி, மி 3 போனை ஃபிளிப்கார்ட்டில் மட்டும் 13,999 ரூபாய்க்கு விற்றது. ஸ்னாப்டிராகன் 800 இந்த விலைக்கா என்று நாங்கள் வாய் பிளந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற அப்பாவுக்கு ஃபிளாஷ் சேலில் பட்டனை அமுக்கி வாங்கியது சென்னையில் இருந்த மகன். 2017 கடைசியில் அந்த நிறுவனம் இந்தியாவில் முதலிடத்துக்கே வந்தது. ரசிகர்கள் வளர்த்த கம்பெனி என்பது உண்மைதான். ஆனால் அதே வருடம் அவர்களே பெங்களூருவில் கடையும் திறந்தார்களே, ஏன்?

ராஜபாளையம் கடைகளில் தொங்கியதெல்லாம் விவோ, ஓப்போ போர்டுகள். 'காசுக்கேத்த பிராசஸர் இல்லை' என்று நாங்கள் கிண்டலடித்த போன்கள். கடைக்காரர் கமிஷன் பார்த்துத்தான் தள்ளிவிட்டார், அவரை நான் புனிதராக்கவில்லை. ஆனால் ஸ்கிரீன் கார்டு ஒட்டி, பழைய நம்பரையெல்லாம் ஏத்திக் கொடுத்து, மறுநாள் 'வாட்ஸ்அப் வரலை தம்பி' என்று போய் நின்றால் பார்த்தும் கொடுத்தார். சிபாரிசு செய்த மகனோ தீபாவளிக்குத்தான் ஊருக்கு வருவான்.

எங்கள் சிபாரிசில் எனக்கு இருக்கும் குறை இதுதான். அளவுகோல் எங்களுடையது, அல்லல் அவர்களுடையது. "எந்த போன் நல்லது?" என்று பெரியவர் கேட்டால் ரேம், பிராசஸர், கேமரா என்று அடுக்குகிறோம். அவர் கேட்க நினைத்தது வேறு: எழுத்து பெருசாத் தெரியுமா, சத்தம் நல்லாக் கேக்குமா, ரிப்பேர்னா ராஜபாளையத்திலேயே பார்ப்பாங்களா, இல்லை மதுரைக்கு பஸ் ஏறணுமா?