எந்தப் பம்பை மாற்றுவது?

அமெரிக்க டீசல் பிக்கப் வட்டாரத்தில் ஒரு விதி கேட்பாரின்றி நிலைத்துவிட்டது. வண்டி வாங்கியதும் வேறு எதையும் தொடுவதற்கு முன், டேங்கிலிருந்து இன்ஜினுக்கு டீசலை ஏற்றும் ஃபீட் பம்பை மாற்றிவிட வேண்டும் என்பது அந்த விதி. கம்பெனி கொடுத்த சிறிய பம்பைக் கழற்றுகிறார்கள். ஃபீட் பம்பே இல்லாத வண்டி என்றால் புதிதாக ஒன்றைச் சேஸிஸ் ஓரத்தில் மாட்டுகிறார்கள். மணிக்கு 150 கேலன், 165 கேலன் தள்ளும் பம்ப், பெரிய ஃபில்டர், தண்ணீரைப் பிரிக்க இன்னொரு ஃபில்டர், டேங்கின் அடியில் துளை போட்டுப் பொருத்தும் சம்ப், பருமனான ஹோஸ் என்று எல்லாம் சேர்ந்து செலவு ஆயிரம் டாலரை ஒட்டி வரும். முன்பெல்லாம் கூடுதல் குதிரைத்திறனுக்காக என்று இதற்குக் காரணம் சொன்னார்கள். அந்த டீசலை அழுத்தி இன்ஜெக்டர்களுக்கு அனுப்பும், பாஷ் நிறுவனத்தின் சிபி4 ஹை பிரஷர் பம்ப் உடைந்து இன்ஜினையே படுக்க வைக்கும் சங்கதி ஊரறிந்ததான பிறகு காரணம் மாறிவிட்டது. கீழேயிருந்து தாராளமாக டீசல் ஏற்றினால் மேலே இருக்கும் பம்ப் பிழைத்துக்கொள்ளும் என்கிறார்கள். இதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். சிபி4 சாவது பசியால் அல்ல. ஆகவே தீனியைக் கூட்டி அதைக் காப்பாற்ற முடியாது.

ஃபீட் பம்பை மேம்படுத்துவதே வீண் என்று நான் சொல்லவில்லை. 1998 நடுவிலிருந்து 2002 வரை டாட்ஜ் ராமில் வந்த 24 வால்வு கம்மின்ஸ் இன்ஜினில் விபி44 என்ற இன்ஜெக்ஷன் பம்ப் இருந்தது. அதன் வழியே ஓடும் டீசல்தான் அதற்குக் குளிர்ச்சியும் மசகும். இன்ஜின் பிளாக்கில் திருகியிருந்த சிறிய எலெக்ட்ரிக் பம்ப் சோர்ந்தால் விபி44 வெந்து போகும். அந்த வண்டிக்கு நல்ல ஃபீட் பம்பும் டேஷ்போர்டில் ஒரு பிரஷர் கேஜும் அவசியம். இதில் தகராறு இல்லை. 2001 முதல் வந்த டியூராமாக்ஸ் வண்டிகளில் ஜெனரல் மோட்டார்ஸ் ஃபீட் பம்பே வைக்கவில்லை. டேங்கிலிருந்து முன்பக்கம் வரை நீண்ட குழாய் வழியே இன்ஜின்தான் உறிஞ்சிக்கொள்ள வேண்டும். எங்காவது ஒரு ஓ-ரிங் இறுகிப் போனால் காற்று உள்ளே வரும், வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஃபீட் பம்ப் மாட்டினால் அந்தத் தொல்லை நிச்சயம் தீரும். இரு மடங்கு திறனுக்கு ட்யூன் செய்து போட்டிக்கு இழுத்துப்போகும் வண்டிக்கும் பெரிய பம்ப் தேவைதான்.

இந்த நியாயங்களை அப்படியே தூக்கிவந்து, தினமும் வேலைக்குப் போகும், ட்யூன் செய்யாத சிபி4 வண்டியின் மேல் வைக்கும்போதுதான் கணக்கு உதைக்கிறது. 397 குதிரைத்திறன் கொண்ட டியூராமாக்ஸ் முழு மிதியில், முழு பாரத்தோடு ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 80 லிட்டர் டீசல் எரிக்கும். மலையேற்றத்தில் டிரெய்லர் இழுக்கும் ஓட்டுநர்கூட அந்த நிலையில் ஒரு மணி நேரம் தொடர்ந்து நிற்க மாட்டார். மசகுக்கும் குளிர்ச்சிக்கும் சுற்றித் திரும்பும் டீசலுக்காக அதைப்போல் இரண்டு பங்கு சேர்த்துக்கொண்டாலும் மொத்தம் 250 லிட்டரைத் தாண்டாது. 165 கேலன் என்பது 625 லிட்டர். மிச்சம் எங்கே போகிறது? பம்பிலேயே இருக்கும் பிரஷர் ரெகுலேட்டர் வழியாக டேங்குக்கே திரும்பிவிடுகிறது. இன்ஜின் அதைப் பார்ப்பதே இல்லை. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட எண் வாங்குபவரைத் திருப்திப்படுத்துகிறது. ஹை பிரஷர் பம்பின் வாசலில் பிரஷர் எவ்வளவு நிற்கிறது என்ற ஒரே பயனுள்ள கேள்விக்கு அந்த எண்ணில் பதில் கிடையாது. அந்தக் கேள்விக்கு ஒரு மலிவான கேஜ் பதில் சொல்லும். கேஜ் மாட்டி, பாரத்தோடு ஓட்டிப் பார்த்து, பிரஷர் விழுகிறது என்று கண்ட பிறகு பம்ப் வாங்குபவரை நான் குறை சொல்ல மாட்டேன். அளந்து பார்க்காமல் வாங்குவதுதான் பழக்கமாகிவிட்டது.

சிபி4 எப்படிச் சாகிறது என்பதை உள்ளே போய்ப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். இதற்கு முந்தைய சிபி3 பம்பில் 3 பிஸ்டன்கள் உண்டு. அவற்றின் அடிப்பாகம் தட்டையான முகத்தில் அமர்ந்து ஏறி இறங்கும். பிக்கப்புகளில் வரும் சிபி4.2 பம்பில் 2 பிஸ்டன்கள்தான். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு டேப்பட். டேப்பட்டின் அடியில் ஒரு உருளை. உருளை கேம் மேல் ஓட வேண்டும். உருளை கேமுக்கு நேராக நிற்கும்வரை எல்லாம் சரி. ஆனால் டேப்பட் தன் துளைக்குள் சுழன்றுவிடாமல் தடுக்க ஒரு சாவியோ பள்ளமோ கிடையாது. கேமோடு உள்ள தொடர்பும் மேலிருந்து அழுத்தும் ஸ்பிரிங்கும்தான் அதை நேராக நிறுத்துகின்றன. காற்றுக் குமிழ் வந்து ஒரு கணம் தொடர்பு விட்டாலோ, மசகு குறைந்து உருளை சிக்கினாலோ டேப்பட் லேசாகத் திரும்பும். கொஞ்சம் திரும்பினால் உருளையின் விளிம்பு கேமைச் சுரண்டும். முழுதும் குறுக்காகத் திரும்பிவிட்டால் கேம் அதை அரைக்க ஆரம்பித்துவிடும். அந்த எஃகுத் தூள் விழுவது டீசலில்தான், ஏனென்றால் கேமுக்கு மசகு அதே டீசல்தான். அங்கிருந்து அது இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிரும் ரெயிலுக்கும் அந்த இன்ஜெக்டர்களுக்கும் ரிட்டர்ன் லைன் வழியே டேங்குக்கும் போகிறது. விவரம் தெரிந்த மெக்கானிக் பம்பின் மேலிருக்கும் மீட்டரிங் வால்வைக் கழற்றி, அதன் வலைமேல் விளக்கைப் பிடித்துப் பார்ப்பார். வெள்ளித்தூள் மாதிரி மினுங்கினால் கதை முடிந்தது. பம்ப், ரெயில், இன்ஜெக்டர், குழாய் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பில் 10,000 டாலரைத் தொடும். இந்தத் தூள் பிறப்பது புதிதாக மாட்டிய ஃபில்டர்களுக்கு அப்பால், பம்பின் வயிற்றுக்குள். 2 மைக்ரான் ஃபில்டரை இரண்டு அடுக்காக வைத்தாலும் பின்னால் பிறப்பதை முன்னால் நின்று பிடிக்க முடியுமா?

இங்கே ஃபீட் பம்ப் ஆதரவாளர்கள் ஒரு வலுவான வாதம் வைக்கிறார்கள். டேப்பட் திரும்புவதற்குக் காற்றும் ஒரு காரணம் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். ஃபீட் பம்ப் காற்றை அகற்றுகிறது. அப்படியானால் அது காப்பாற்றுகிறது அல்லவா என்கிறார்கள். காகிதத்தில் இது பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சோதிக்க நாம் பட்டறை போட வேண்டியதில்லை, கம்பெனிகளே சோதித்து முடித்துவிட்டன. 2001 முதல் 2010 வரை வந்த டியூராமாக்ஸில் சிபி3 இருந்தது, ஃபீட் பம்ப் இல்லை. அந்த வண்டிகளின் ஹை பிரஷர் பம்புகள் இன்றும் உழைப்புக்குப் பேர்போனவை. 2011இல் வந்த ஃபோர்டு 6.7 லிட்டர் பவர்ஸ்ட்ரோக்கில் சிபி4.2 இருந்தது, சேஸிஸில் எலெக்ட்ரிக் ஃபீட் பம்ப், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், இன்ஜின்மேல் இன்னொரு ஃபில்டர் எல்லாம் கம்பெனியே கொடுத்தது. அதுவும் உடைந்தது, வழக்குகளும் வந்தன. பிக்கப் அல்லாத ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா டீசல் காரில் இதே குடும்பத்து ஒற்றைப் பிஸ்டன் சிபி4.1; டேங்குக்குள்ளேயே எலெக்ட்ரிக் பம்ப். அதன் முறிவுகளை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2010இலேயே விசாரிக்கத் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் மேலான சாட்சி ராம். 2018 வரை சிபி3, டேங்குக்குள் ஃபீட் பம்ப், தகராறு இல்லை. 2019இல் ஹை பிரஷர் பம்பைச் சிபி4 ஆக்கினார்கள். பம்புகள் உடைந்து ஓடும் வண்டிகள் நடுரோட்டில் நின்றன. 2021 இறுதியில் 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்து, சிபி4ஐ எடுத்துவிட்டு மறுபடி சிபி3 வைத்தார்கள். டேங்கில் பெரிய ஃபீட் பம்ப் வைப்பது அந்தப் பரிகாரத்தில் இல்லை. ஃபீட் பம்ப் இல்லாத சிபி3 வாழ்ந்தது. ஃபீட் பம்ப் உள்ள சிபி4 செத்தது. இதைவிட நேரான சோதனை ஒன்றை எந்த ஆய்வுக்கூடமும் அமைத்துத் தர முடியாது.

ஃபீட் பம்ப் ஆதரவாளர்கள் அடுத்து 2017 டியூராமாக்ஸைக் காட்டுவார்கள். ஜெனரல் மோட்டார்ஸே கடைசியில் ஃபீட் பம்ப் சேர்த்தது, முறிவும் நின்றது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்பார்கள். அதே ஆண்டு அதே வண்டியில் பாஷ் சிபி4ஐத் தூக்கிவிட்டு டென்சோவின் ஹெச்பி4 பம்பை வைத்தார்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். இரண்டை ஒருசேர மாற்றிவிட்டு நல்ல பலனை ஒன்றின் கணக்கில் எழுதுவது வாதமே ஆகாது. 2011 முதல் 2016 வரையான டியூராமாக்ஸ் ஃபோர்டைவிட அதிகம் உடைந்தது என்ற பேச்சு உண்டு. அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் கிடைப்பது இவ்வளவுதான்: ஃபீட் பம்ப் முறிவைச் சற்றுத் தள்ளிப்போடக்கூடும். சற்றுத் தள்ளிப்போடுவது ஒரு பயன்தான். ஆனால் ஆயிரம் டாலர் வாங்கிக்கொண்டு விற்பது அந்தச் சற்றை அல்ல, நிம்மதியை.

இந்தப் பேச்சிலெல்லாம் டீசல் என்ற பொருள் காணாமலே போய்விடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அமெரிக்காவில் 2006இல் சாலை வண்டிகளுக்கான டீசலில் கந்தகத்தை 500 பிபிஎம்மிலிருந்து 15 பிபிஎம்முக்கு இறக்கினார்கள். கந்தகத்தை நீக்கும் ஹைட்ரஜன் சுத்திகரிப்பு, டீசலின் இயல்பான வழவழப்பைத் தரும் சேர்மங்களையும் சேர்த்தே கொண்டுபோய்விடும். பிறகு மசகுக் கலவை சேர்த்து ஈடுகட்ட வேண்டும். எவ்வளவு ஈடுகட்டினால் போதும் என்பதில்தான் வேறுபாடு. சோதனைக் கருவியில் எஃகுக் குண்டின்மேல் விழும் தேய்மானத் தழும்பு அமெரிக்கத் தரத்தில் 520 மைக்ரான் வரை இருக்கலாம். ஐரோப்பியத் தரத்தில் 460க்கு மேல் போகக் கூடாது. பாஷ் கேட்பதும் 460தான். நம் பாரத் ஸ்டேஜ் 6 டீசலுக்கும் அதே வரம்பு. ஆக, 460க்கு வடிவமைத்த பம்பை 520 டீசல் விற்கும் நாட்டில் கொண்டுவந்து மாட்டினார்கள். ஒவ்வொரு டேங்குக்கும் கொஞ்சம் மசகுக் கலவை, அல்லது 2 சதவீத அளவு பயோடீசல், இந்த இடைவெளியை அடைக்கும். ஃபில்டரில் சேரும் தண்ணீரை ஒழுங்காக வடிப்பது துருவைத் தடுக்கும். இரண்டுக்கும் ஆகும் செலவு அற்பம், படமெடுத்துக் காட்டவும் ஒன்றுமில்லை. அலுமினியம் பளபளக்க சேஸிஸில் தொங்கும் பம்புக்குக் கிடைக்கும் மரியாதை ஒரு பாட்டில் கலவைக்குக் கிடைப்பதில்லை. மணிக்கு 625 லிட்டர் வறண்ட டீசலை ஏற்றினால் கேமுக்குப் போய்ச்சேருவதும் அதே வறண்ட டீசல்தான்.

மேம்படுத்தும் பாகங்களில் நேர்மையானவை என்று நான் மதிப்பவை இரண்டு. ஒன்று, சில நூறு டாலருக்குக் கிடைக்கும் பைபாஸ் கிட். கேம் இருக்கும் அறையிலிருந்து வெளிவரும் டீசலை ரெயிலுக்கு விடாமல் டேங்கு பக்கம் திருப்பிவிட்டு, பிஸ்டன்களுக்குச் சுத்தமான டீசலைத் தனியாகக் கொடுக்கும் ஏற்பாடு அது. பம்ப் ஒருநாள் சாகும் என்று வைத்துக்கொண்டே அதை வடிவமைத்திருக்கிறார்கள். இன்ஜெக்டர்களும் ரெயிலும் தப்புவதால் பில் பல மடங்கு குறைகிறது. பம்பின் ஆயுளை அது ஒரு நாள்கூடக் கூட்டாது. இன்னொன்று, சிபி4ஐக் கழற்றிவிட்டு சிபி3 பொருத்துவது. ராம் கம்பெனியே செய்த வைத்தியம் இது. ஃபீட் பம்பைப்போல் இரண்டு மூன்று மடங்கு செலவு, வேலையும் அதிகம் என்பது உண்மை. ஆனால் ஆயிரம் டாலர் ஃபீட் பம்பை மாட்டிவிட்டு அப்புறம் 10,000 டாலர் பில்லைக் கட்டியவரிடம் சிக்கனம் பற்றிப் பேச யாருக்கும் வாய் வராது.

எனக்குள்ள கோபம் பணத்தோடு நிற்கவில்லை. சிபி4 உடைந்த வண்டிகள் வாரண்டிக்குள் டீலரிடம் போனபோது, டீசல் கெட்டது, தண்ணீர் கலந்தது, ஆகவே வாரண்டி செல்லாது என்று கைவிரிக்கப்பட்ட முறையீடுகள் வழக்கு மன்றங்களில் நிரம்பிக் கிடக்கின்றன. 2011 முதல் 2016 வரையான டியூராமாக்ஸ் வழக்கில் ஜெனரல் மோட்டார்ஸ் 5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது 2024இல்தான். இத்தனை ஆண்டுகள் உரிமையாளர்கள் போராடிய விஷயம் ஒன்றே ஒன்று: குறை வடிவமைப்பில் இருக்கிறது, எங்கள் பராமரிப்பில் இல்லை. அதே சமயம் அதே வண்டிகளை நேசிக்கும் கூட்டம், "ஃபீட் பம்ப் மாட்டாமல் ஓட்டினாயா, அப்படியானால் உடையத்தானே செய்யும்" என்று பாதிக்கப்பட்டவனிடமே கேட்டுக்கொண்டிருந்தது. டேப்பட்டுக்கு ஒரு சாவிப் பள்ளம் வெட்டாமல் விட்டவர்களின் பொறுப்பு, ஆயிரம் டாலர் பாகம் வாங்காமல் விட்டவரின் பொறுப்பாக இப்படித்தான் மெல்லக் கைமாறியது. ஃபீட் பம்ப் விற்பவர்கள் இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எந்தப் பம்பில் குறை என்று பெட்டியின்மேல் அவர்கள் ஒருநாளும் எழுதவில்லை, வாங்கியவர்களும் கேட்கவில்லை.