போரில் யாருடைய உயிர் காக்கப்பட வேண்டும்? – இப்னு ருஷ்தின் ‘பிதாயத்துல் முஜ்தஹித்’ ஜிஹாத் இயல்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இஸ்லாமியச் சட்டவியலில் போர்க்களத்து உயிர்ப்பாதுகாப்பு குறித்து இமாம்களிடையே நிலவிய கருத்து வேறுபாடுகளை இப்னு ருஷ்து (1126–1198) தொகுத்துக் காரணம் காட்டுகிறார். ஒருவரோடு போரிட அனுமதி பிறப்பது அவரது நம்பிக்கையாலா, அவரது போர்த்திறனாலா என்னும் வினாவே அவ்வேறுபாடுகளின் வேர் என்பது அவர் கண்ட முடிவு. இம்முடிவின் வலிமையையும், முற்றுகைப் போர் பற்றிய பகுதியில் அது கைவிடப்படுவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இப்னு ருஷ்து, ஃபிக்ஹ், ஜிஹாத், இல்லத், போர் அறம், முற்றுகை.

முன்னுரை

இஸ்லாமியப் போர் அறம் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் இரண்டு மேற்கோள்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு சாரார் குர்ஆனின் 9ஆம் அத்தியாயத்து 5ஆம் வசனத்தைத் தனியே பிரித்தெடுத்து, இஸ்லாம் வரம்பற்ற போரை விதிக்கிறது என்பர். மறுசாரார், முதல் கலீஃபா அபூபக்கர் சிரியாவுக்குச் சென்ற படைத்தலைவர் யஸீத் பின் அபீ சுஃப்யானுக்கு வழங்கிய அறிவுரையை முன்வைத்து, போர் வரம்புகள் தொடக்கத்திலேயே முழுமை பெற்றுவிட்டன என்பர். பெண்கள், சிறுவர், முதியோர் ஆகியோரைக் கொல்லலாகாது, கனிதரும் மரங்களை வெட்டலாகாது என்னும் அவ்வறிவுரை இமாம் மாலிக்கின் ‘முவத்தா’வில் இடம்பெற்றுள்ளது. இரு சாராரும் ஒன்றை மறக்கின்றனர். அவ்வசனத்தையும் அவ்வறிவுரையையும் ஒருங்கே அறிந்திருந்த இமாம்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. அவ்வேறுபாட்டை மறைக்காமல் ஆய்வுப் பொருளாக்கியதே ‘பிதாயத்துல் முஜ்தஹித்’ நூலின் தனிச்சிறப்பு.

நூலின் முறை

குர்துபாவின் நீதிபதிகள் மரபில் தோன்றிய இப்னு ருஷ்து, மாலிக்கி மத்ஹபைச் சார்ந்தவர். எனினும் இந்நூல் ஒரு மத்ஹபின் சட்டக் கையேடு அன்று. ஒவ்வொரு சிக்கலிலும் ஒத்த கருத்து எது, வேறுபட்ட கருத்து எது, வேறுபாட்டின் காரணம் யாது என்னும் மூன்று படிகளில் அவர் செல்கிறார். மூன்றாம் படியே நூலின் உயிர்நிலை. தீர்ப்பைச் சொல்வதினும் தீர்ப்பு பிறந்த வழியைச் சொல்வதே முஜ்தஹிதை உருவாக்கும் என்பது இம்முறையின் உட்கிடை.

சட்டக் காரணம்: நம்பிக்கையா, போர்த்திறனா?

போரில் ஈடுபடாத பெண்களையும் சிறுவர்களையும் கொல்லலாகாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. துறவிகள், பார்வையற்றோர், தீரா நோயாளிகள், மனநலம் குன்றியோர், முதியோர், உழவர், கூலியாட்கள் ஆகியோரிடத்தில்தான் கருத்துகள் பிரிகின்றன. இமாம் மாலிக் பார்வையற்றோர், மனநலம் குன்றியோர், துறவிகள் ஆகியோரைக் கொல்லலாகாது என்றதுடன், அவர்கள் உயிர்வாழப் போதிய பொருளை விட்டுவைக்க வேண்டும் என்றும் கூறினார். அவ்ஸாயீ உழவரைக் காத்தார். இமாம் ஷாஃபிஈயின் வலுவான கருத்தின்படி இவ்வகையினருக்கு விலக்கு இல்லை.

இவ்வேறுபாட்டின் முதற்காரணமாக இப்னு ருஷ்து காட்டுவது, பொதுச் சான்றுக்கும் சிறப்புச் சான்றுக்கும் இடையிலான முரண். ஆனால் அவர் அங்கு நிற்கவில்லை. அடியாழத்தில் இது சட்டக் காரணம் (இல்லத்) பற்றிய வேறுபாடு என்கிறார். இறைமறுப்பே காரணம் எனக் கொள்வோர் எவருக்கும் விலக்கு அளிப்பதில்லை. போரிடும் ஆற்றலே காரணம் எனக் கொள்வோர், ஆற்றலற்றவர்க்கும், உழவர், கூலியாள் போலப் போரைத் தம் தொழிலாகக் கொள்ளாதவர்க்கும் விலக்கு அளிக்கின்றனர். இறைமறுப்பாளராயினும் பெண்கள் கொல்லப்படாமை இரண்டாம் தரப்பின் சான்று.

இப்னு ருஷ்து இங்குத் தீர்ப்பு வழங்கவில்லை. எனினும் அவர் அமைத்த தருக்கம் ஒரு பக்கம் சாய்கிறது. பெண்களுக்குரிய விலக்கை முதல் தரப்பு ஒரு விதிவிலக்காகவே ஏற்க இயலும். இரண்டாம் தரப்புக்கோ அதுவே விதியின் இயல்பான விளைவு. பின்னாளில் இப்னு தைமிய்யா (இறப்பு 1328) போரிடுதலையே காரணமாகக் கொண்டு வாதிட்டது இத்தருக்கத்தின் வலிமைக்குச் சான்றாகும்.

ஆயினும் ஒரு நெருடல் உண்டு. ‘ஆற்றல் இன்மை’, ‘போரில் ஈடுபடாமை’ என்னும் இரண்டையும் அவர் ஒரே தொடரில் இணைத்துவிடுகிறார். முதியவருக்கு ஆற்றல் இல்லை. உழவருக்கோ ஆற்றல் உண்டு. அவர் போரைத் தேர்ந்துகொள்ளவில்லை என்பதே அவரைக் காக்கிறது. முன்னது உடல்நிலை சார்ந்த அளவுகோல், பின்னது செயல் சார்ந்த அளவுகோல். எதனை முதன்மையாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே நலமுள்ள ஓர் உழவரின் உயிர் நிலைபெறும் அல்லது பறிபோகும். இவ்வினா எழுப்பப்படவில்லை.

கோட்டைச் சுவரின் முன்

நூலின் உண்மையான இடைவெளி முற்றுகை பற்றிய பகுதியில் வெளிப்படுகிறது. கோட்டைகள் மீது கல்லெறி பொறிகளை (மின்ஜனீக்) இயக்கலாம் என்பதிலும், உள்ளே பெண்களும் சிறுவரும் இருப்பினும் அது தகும் என்பதிலும் பொதுவான உடன்பாடு உண்டு என்கிறார் இப்னு ருஷ்து. தாயிஃப் முற்றுகையில் நபிகள் நாயகம் அப்பொறியைப் பயன்படுத்தினார் என்னும் செய்தியே அதற்குச் சான்று. ஆனால் உள்ளே முஸ்லிம் கைதிகளும் முஸ்லிம் சிறுவரும் இருப்பின் கருத்து பிரிகிறது: அவ்ஸாயீ தடுக்கிறார், லைத் அனுமதிக்கிறார். தடுப்போர் குர்ஆனின் 48ஆம் அத்தியாயத்து 25ஆம் வசனத்தைச் சார்ந்து நிற்க, அனுமதிப்போர் பொதுநலனைக் (மஸ்லஹத்) கருதினர் போலும் என்பது அவரது விளக்கம்.

இரு பகுதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது முரண் புலனாகும். வாளின் முன் நிற்கும் பெண்ணைக் காக்கும் காரணம், கல்லெறி பொறியின் முன் நிற்கும் அதே பெண்ணைக் காக்கவில்லை. அவளிடத்தில் எதுவும் மாறவில்லை. மாறியது கருவி மட்டுமே. முஸ்லிம் கைதியின் பொருட்டுச் சான்றும் பொதுநலனும் எடைபோடப்படுகின்றன. பகைவரின் குழந்தையின் பொருட்டு ஒரு முன்னிகழ்வு மட்டும் போதுமானதாகிறது. சட்டக் காரணத்தைத் தேடி அடியாழம் வரை சென்ற ஆசிரியர், அக்காரணத்தைக் கோட்டைச் சுவர் வரை கொண்டுவரவில்லை.

இது அவருடைய முறையின் விளைவு. வேறுபாட்டின் காரணத்தை ஆராயும் நூல், உடன்பாடு நிலவும் இடத்தில் ஆராய்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. பனூ நளீர் குலத்தாரின் பேரீச்ச மரங்கள் எரிக்கப்பட்டமைக்கும் அபூபக்கரின் தடைக்கும் இடையே முரண் இருந்ததால், மரங்களைப் பற்றி விரிவான காரணங்கள் கிடைக்கின்றன. கோட்டைக்குள் இருக்கும் சிறுவர் பற்றி முரண் இல்லாததால் காரணமும் கேட்கப்படவில்லை.

முடிவுரை

இஸ்லாமியப் போர் அறம் ஒற்றைக் குரலில் பேசவில்லை என்பதை ‘பிதாயத்துல் முஜ்தஹித்’ ஐயத்திற்கு இடமின்றி நிறுவுகிறது. ஒற்றை வசனத்தையோ ஒற்றை அறிவுரையையோ முன்வைக்கும் இன்றைய வாதங்களுக்கு அதுவே தக்க விடை. அதே வேளையில், அந்நூலை முடிந்த முடிவாகக் கொள்வதும் அதன் முறைக்கு மாறானது. இலக்கை வேறுபடுத்தாத ஆயுதங்கள் பெருகிய காலத்தில், அவர் தொடாது விட்ட வினாவே முதன்மை வினாவாகிறது. போரிடாமையே ஒருவரைக் காக்கும் காரணம் எனின், அக்காரணம் சுவருக்கு உள்ளேயும் செல்லுபடியாக வேண்டும். உடன்பாட்டிற்கும் காரணம் கேட்பதே இப்னு ருஷ்தின் முறையை அடுத்த படிக்கு எடுத்துச் செல்லும் ஆய்வாக அமையும்.