வடசென்னைப் பேச்சும் சப்டைட்டிலும்

வடசென்னையைக் களமாகக் கொண்ட ‘மெட்ராஸ்’ (2014), ‘வட சென்னை’ (2018), ‘சார்பட்டா பரம்பரை’ (2021) ஆகிய படங்கள் தமிழ் அறியாத பார்வையாளர்களையும் சப்டைட்டில் வழியாகச் சென்றடைந்தன. இப்படங்களின் உரையாடல் சென்னைத் தமிழில் அமைந்தது. அத்தமிழை ஆங்கிலத்தில் இரண்டு வரிக்குள் எழுதும்போது எதை மொழிபெயர்ப்பது, எதை அப்படியே விடுவது என்ற கேள்வி எழுகிறது. இதே கேள்வியை ஜப்பானிய அனிமே தொடர்களின் ரசிகர்கள் பல ஆண்டுகளாக விவாதித்து வருகின்றனர். அந்த விவாதத்தில் கிடைத்த தெளிவு வடசென்னைப் படங்களுக்கும் பொருந்துகிறது.

ஊர்ப்பெயர்களில் மூன்று வழிகள்

சென்னை சென்ட்ரலிலிருந்து கிளம்பும் புறநகர் ரயில்கள் முதலில் நிற்கும் நிலையம் பேசின் பிரிட்ஜ். இங்கிருந்து ஒரு தடம் வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர் வழியாக மேற்கே செல்கிறது. மற்றொன்று கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூருக்குச் செல்கிறது. பக்கிங்காம் கால்வாயை ஒட்டி எழுந்த ஆங்கிலப் பெயர் இது. ‘பேசின்’ என்றால் என்ன என்று கேட்காமலே மக்கள் இதைத் தமிழ்ப் பெயராக்கிக்கொண்டனர்.

சுற்றியுள்ள பெயர்கள் வேறு வகையானவை. யானைக்கவுனி ஆங்கிலத்தில் ‘எலிஃபண்ட் கேட்’, வண்ணாரப்பேட்டை ‘வாஷர்மேன்பெட்’, தங்கசாலை ‘மின்ட்’. இவை பொருளை மாற்றி எழுதிய பெயர்கள். தண்டையார்பேட்டை ஆங்கிலத்தில் ‘தோண்டியார்பெட்’ ஆனது ஒலியை மட்டும் எடுத்துக்கொண்ட வகை. பேசின் பிரிட்ஜ் எதையும் மாற்றாமல் ஏற்றுக்கொண்ட வகை. மொழிபெயர்ப்பாளர் முன் உள்ள மூன்று வழிகளும் சில கிலோமீட்டர் சுற்றளவில் தெருப்பலகைகளாக நிற்கின்றன. மூன்றுமே புழக்கத்தில் நிலைத்துவிட்டன.

வடசென்னைப் பேச்சும் இப்படி உருவானதுதான். துறைமுகம், பின்னி ஆலை, ரயில்வே பணிமனைகள் ஆகியவற்றுக்கு வேலை தேடி வந்த பல மொழியினரின் சொற்கள் இதில் கலந்தன. ‘கலீஜ்’, ‘பேஜார்’, ‘பேமானி’ ஆகியவை உருதுவழி வந்தவை. ‘நைனா’ தெலுங்கிலிருந்து வந்தது. ‘கஸ்மாலம்’ வடமொழிச் சொல். இவற்றோடு ‘இன்னா’, ‘கீது’, ‘இட்டாந்தான்’, ‘குந்து’ போன்ற தமிழ் வடிவங்களும் சேர்ந்து ஒரு தனிப் பேச்சு அமைந்தது.

தமிழ் சினிமா இப்பேச்சை நீண்ட காலம் சிரிப்புக்கே பயன்படுத்தியது. ‘சபாஷ் மீனா’ (1958) படத்தில் சந்திரபாபு ஏற்ற ரிக்‌ஷாக்காரர் வேடம் இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். தேங்காய் சீனிவாசன், லூஸ் மோகன் எனப் பல நகைச்சுவை நடிகர்கள் இவ்வழியில் வந்தனர். கதாநாயகன் நல்ல தமிழிலும் அவனுடைய தோழன் சென்னைத் தமிழிலும் பேசுவது ஒரு வழக்கமாகவே இருந்தது. பா. இரஞ்சித், வெற்றிமாறன் ஆகியோரின் படங்களில் காதல், துக்கம், அரசியல், துரோகம் எல்லாம் இதே பேச்சில் நிகழ்கின்றன. பேச்சுக்கு இப்படங்கள் மீட்டுக்கொடுத்த கண்ணியம் சப்டைட்டிலில் நிலைக்கிறதா என்பதே இங்குள்ள பிரச்சினை.

அனிமே ரசிகர்களின் விவாதம்

ஜப்பானிய மொழியில் பெயரோடு ‘சான்’, ‘குன்’, ‘சாமா’, ‘சென்பாய்’ போன்ற ஒட்டுகள் சேர்கின்றன. பேசுபவரின் வயது, பதவி, நெருக்கம் ஆகியவற்றை இவை காட்டுகின்றன. ‘நீ’ என்ற பொருளுக்கே ‘அனாத்தா’, ‘கிமி’, ‘ஒமாயே’, ‘கிசாமா’ எனப் பல சொற்கள் உண்டு. ஆங்கிலத்தில் இவை எல்லாவற்றுக்கும் ‘யூ’ ஒன்றே இருக்கிறது. ரசிகர்கள் தாமாகவே எழுதிப் பரப்பிய சப்டைட்டில்களில் இந்த ஒட்டுகளை அப்படியே வைத்தனர். உரிமம் பெற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் அவற்றை நீக்கின.

ரசிகர்களின் வழி சில நேரம் எல்லை மீறியது. ‘ஒன் பீஸ்’ தொடரின் ‘நகாமா’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் இணை இல்லை என்று வாதிட்டு அதை அப்படியே விட்டனர். ஆனால் ஜப்பானியருக்கு அது தோழர், கூட்டாளி என்று பொருள்தரும் அன்றாடச் சொல். ‘டெத் நோட்’ தொடரின் ஒரு சப்டைட்டிலில் ‘கெய்காகு’ என்ற சொல்லை விட்டுவிட்டு, அதற்குத் ‘திட்டம்’ என்று பொருள் எனத் திரையில் குறிப்பு போட்டது இன்றுவரை கேலிக்குள்ளாகிறது. எளிதாக மொழிபெயர்க்கக்கூடிய ஒரு சொல்லை அபூர்வப் பொருளாக்கியதே அதிலுள்ள பிழை.

மறுபுறம், சொல்லுக்குச் சொல் துல்லியமாக இருந்தும் பொருள் நழுவலாம். 2019 ஜூனில் ‘நியான் ஜெனிசிஸ் இவாஞ்சலியன்’ புதிய ஆங்கில மொழிபெயர்ப்புடன் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. ஷிஞ்சியிடம் காவொரு சொல்லும் ‘சுகி’ என்ற சொல் முந்தைய ஆங்கில வடிவத்தில் காதலாக இருந்தது. புதிய வடிவத்தில் அது விருப்பமாகக் குறைந்தது. ‘சுகி’ இரண்டையும் குறிக்கும் சொல் என்பதால் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. தொடரின் மிக நெருக்கமான உறவு ஒரே வினைச்சொல்லின் தேர்வால் மாறிவிட்டதாக ரசிகர்கள் கொதித்தனர்.

இவ்விவாதங்களிலிருந்து ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம். பொருளைச் சுட்டும் சொல்லை மொழிபெயர்த்துவிடலாம். இரு மனிதர்களுக்கு இடையிலுள்ள உறவை நிறுவும் சொல்லை நீக்கினால் கதையே மாறிவிடும்.

வாத்தியார், அண்ணன், பரம்பரை

‘சார்பட்டா பரம்பரை’ 2021 ஜூலை 22 அன்று அமேசான் பிரைம் வீடியோவில் நேரடியாக வெளியானது. படத்தில் பசுபதி நடித்த ரங்கன், ‘வாத்தியார்’ என்று அழைக்கப்படுகிறார். ஆங்கிலத்தில் கோச், மாஸ்டர், டீச்சர் என எதை எழுதினாலும் ஒரு பகுதி மட்டுமே வருகிறது. கோச் என்பவர் சம்பளத்துக்குப் பயிற்சி தருபவர். வாத்தியார் சொன்னால் மேடையேறலாம், அவர் முகம் திருப்பினால் ஊரே முகம் திருப்பும். மேலும் எழுபதுகளின் வடசென்னையில் ‘வாத்தியார்’ என்றால் எம்.ஜி.ஆரும் நினைவுக்கு வருவார். ரங்கனோ தி.மு.க. தொண்டர். 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட பின் கைதாகிறவர். அந்தக் காலத்து அரசியல் இழுபறி அந்த அழைப்புச் சொல்லிலேயே ஒலிக்கிறது.

‘பரம்பரை’ இன்னும் சிக்கலானது. பொது வழக்கில் அது ரத்த வழி. வடசென்னைக் குத்துச்சண்டையில் அது ஒரு வாத்தியாரிடமிருந்து மாணவனுக்கு இறங்கும் விளையாட்டு வழி. படத்தின் முக்கிய மோதல் ஒன்று இந்த இரு பொருளுக்கும் நடுவில்தான் நடக்கிறது. மகன் வெற்றிச்செல்வன் இருக்கும்போதே ரங்கன் கபிலனை மேடையேற்றுகிறார். பரம்பரையை ‘வம்சம்’ என்ற பொருளில் ஆங்கிலப்படுத்தினால் மகனின் கோபம் புரியும், ரங்கனின் முடிவு புரியாது. ‘குழு’ என்ற பொருளில் ஆங்கிலப்படுத்தினால் முடிவு புரியும், கோபத்தின் ஆழம் புரியாது. படத்தின் தலைப்பு ஆங்கிலத்திலும் மாறாமல் இருந்தது நல்ல முடிவு. உரையாடலுக்குள்ளும் அச்சொல்லை அப்படியே விடலாம். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்தில் அதன் பொருளைக் காட்சிகளே கற்றுக்கொடுத்துவிடும்.

‘வட சென்னை’யில் குணாவும் செந்திலும் கொல்வது தாங்கள் அண்ணனாக ஏற்றுக்கொண்ட ராஜனை. தமிழில் அண்ணன், தம்பி என்று பிரிந்திருக்கும் உறவு ஆங்கிலத்தில் ‘பிரதர்’ ஒன்றில் கரைந்துவிடுகிறது. மூத்தவன் இளையவன் என்ற வரிசை போனால் துரோகத்தின் எடை பாதியாகிறது. ஜப்பானிய யக்குசா படங்களின் ‘அனிகி’ இதே இடத்தில் நிற்கும் சொல். அண்ணன் என்ற பொருளும் கும்பலில் மூத்தவன் என்ற பொருளும் அதற்கு உண்டு. அனிகியை மாற்றாமல் வைக்கும் சப்டைட்டிலைப் படித்துப் பழகிய பார்வையாளருக்கு ‘அண்ணே’ என்ற சொல் பாரமாக இருக்காது.

ஆங்கிலம்போல் தெரியும் தமிழ்

வடசென்னைப் பேச்சில் சப்டைட்டில் எழுதுபவரை அதிகம் ஏமாற்றுவது ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்களே. காதில் ஆங்கிலமாக விழுவதால் அவற்றை அப்படியே எழுதிவிடத் தோன்றும். ‘ஸ்கெட்ச் போடுவது’ என்றால் ஒருவரைத் தீர்த்துக்கட்டத் திட்டமிடுவது. ஆங்கில வாசகர் அதைப் படம் வரைவதாகவே படிப்பார். ‘ஏரியா’ வெறும் பரப்பு இல்லை. யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற கணக்கு அதில் இருக்கிறது.

‘மெட்ராஸ்’ படம் வியாசர்பாடியின் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் நிகழ்கிறது. ஆங்கிலத்தில் ஹவுசிங் போர்டு என்பது வீடு கட்டும் அரசு நிறுவனம். சென்னையில் அது ஒரு முகவரி. வேலைக்குப் போகும் இடத்திலும் பெண் பார்க்கும் இடத்திலும் எடைபோடப்படும் முகவரி. தலைவரின் படம் வரைந்த ஒரு சுவருக்காக உயிர்கள் போவதன் காரணம் அந்த முகவரிக்குள் இருக்கிறது. ஒலி ஒன்றாக இருப்பதால் இச்சொல் மொழிபெயர்க்கப்பட வேண்டியது என்பதே கவனத்துக்கு வராமல் போகலாம்.

ஜப்பானியத்திலும் இது உண்டு. அங்கே ‘மன்ஷோன்’ என்றால் அடுக்குமாடிக் கட்டடம். திருவல்லிக்கேணியில் ‘மேன்ஷன்’ என்றால் திருமணமாகாத ஆண்கள் வாடகைக்குத் தங்கும் அறைகள். ஆங்கிலத்தில் அது மாளிகை. ஜப்பானியக் கதாபாத்திரம் மன்ஷோனில் வசிப்பதாகச் சொன்னால் அவரைப் பணக்காரராக்காமல் இருக்க அனிமே மொழிபெயர்ப்பாளர்கள் கற்றுக்கொண்டனர். அதே கவனம் சென்னைச் சொற்களுக்கும் தேவைப்படுகிறது.

வட்டாரத்துக்கு வட்டாரம்

ஒரு வட்டார வழக்குக்கு மாற்றாக இன்னொரு மொழியின் வட்டார வழக்கை வைப்பது மற்றொரு முறை. ‘அசுமாங்கா தையோ’ தொடரில் ஒசாகா வழக்கில் பேசும் மாணவிக்கு ஆங்கில டப்பிங்கில் அமெரிக்கத் தென்பகுதி உச்சரிப்பு தரப்பட்டது. கேட்கச் சுவையாக இருந்தாலும், அவள் ஒசாகாவை விட்டு டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டதாக ஒரு சாரார் குறைபட்டனர். வடசென்னைப் பேச்சுக்கு அமெரிக்க நகரத் தெருப் பேச்சை வைத்தாலும் இதுவே நேரும். காசிமேட்டுக்காரர் வேறொரு நாட்டின் வேறொரு வரலாற்றைச் சுமக்க வேண்டியிருக்கும்.

எதிர்த் திசையிலும் பிரச்சினை இருக்கிறது. ஹாலிவுட், ஹாங்காங் படங்களின் தமிழ் டப்பிங்கில் அடியாளுக்கும் கோமாளிக்கும் சென்னைத் தமிழ் தரப்படுவது வழக்கம். இப்போது அனிமேயும் தமிழில் வருகிறது. 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ தமிழ் டப்பிங்கிலும் திரையரங்குகளுக்கு வந்தது. ஜப்பானிய முரடர்களுக்கெல்லாம் வியாசர்பாடிப் பேச்சு கொடுத்தால் சந்திரபாபு காலத்துப் பழைய பங்கீடு புதிய பார்வையாளருக்கும் கைமாறும்.

மதிப்பீடு

சப்டைட்டிலுக்கு இடம் குறைவு. நெட்ஃபிளிக்ஸின் ஆங்கில விதிப்படி அதிகபட்சம் இரண்டு வரி, வரிக்கு 42 எழுத்து, திரையில் ஏழு வினாடி. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது என்ற வாதம் நியாயமானது. ‘இன்னா’வையும் ‘கீது’வையும் ஆங்கிலத்தில் கொண்டுவர வழியில்லை. அவை நடிகரின் குரலில் கேட்கும், அது போதும். ‘பேஜார்’, ‘கலீஜ்’ போன்றவற்றுக்கு ஆங்கிலத்தில் தகுந்த சொல் உண்டு. அவற்றை விட்டுவைத்தால் ‘கெய்காகு’ பிழையே திரும்ப வரும். ‘ஸ்கெட்ச்’ போன்ற சொற்களைக் கட்டாயம் மொழிபெயர்க்க வேண்டும்.

அழைப்புச் சொற்களின் நிலை வேறு. வாத்தியார், அண்ணன், அண்ணி, நைனா ஆகியவை சிறியவை, திரும்பத் திரும்ப வருபவை, காட்சியாலேயே விளங்குபவை. இவற்றை வைத்திருக்க இடம் பெரிதாகச் செலவாவதில்லை. ‘சென்பாய்’ என்ற சொல்லைக் குறிப்பு ஏதுமின்றி உலகம் கற்றுக்கொண்டது. சேர்ந்த மரியாதைச் சொல் மாறும் இடங்களை மட்டும் எழுதுபவர் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். ‘வாங்க’ என்றவர் ‘வாடா’ என்று மாறும்போது ஆங்கில வரியின் தொனியும் மாறியாக வேண்டும். சாதியும் வர்க்கமும் பெரும்பாலும் அந்த ஒரு விகுதியில்தான் வெளிப்படுகின்றன.

இத்தேர்வுகளைச் சிறு விஷயம் என்று ஒதுக்க முடியாது என்பதற்கு ‘ஜெய் பீம்’ (2021) சான்று. அடகுக்கடைக்காரர் இந்தியில் பேசும்போது பிரகாஷ்ராஜின் பாத்திரம் அவரை அறைந்து தமிழில் பேசச் சொல்கிறது. இந்தி வடிவத்தில் அது உண்மையைப் பேசச் சொல்வதாக மாறியது. அக்காட்சி குறித்த சர்ச்சையில், இந்தி வடிவத்தை மட்டும் பார்த்தவரும் தமிழில் பார்த்தவரும் வேறு வேறு காட்சிகளைப் பார்த்திருந்தனர்.

வடசென்னையைப் பற்றி வெளியூரார் அறிவதில் பெரும்பகுதி இன்று இப்படங்கள் வழியாகவே நடக்கிறது. அடிதடி எந்த மொழியிலும் புரிந்துவிடும். யார் யாரை மதிக்கிறார், யார் யாருக்குக் கடன்பட்டவர், எந்தச் சொல்லில் ஒருவர் அவமானப்பட்டார் என்பவை சப்டைட்டிலில் வந்தால்தான் தெரியும். அவை வராத இடத்தில் இப்படங்கள் வெறும் ரவுடிப் படங்களாகிவிடுகின்றன. இப்படங்களின் இயக்குநர்கள் மாற்ற முயன்ற பிம்பம் பார்வையாளர் மனதில் அப்படியே எஞ்சுகிறது.