செவ்வெழுத்தும் வெண் திமிங்கிலமும்: குறியீடு பற்றிய ஒரு நோக்கு

குறியீடு, உருவகக்கதை ஆகிய இரு தொடர்களும் நமது விமர்சனக் கட்டுரைகளிலே பெரும்பாலும் ஒருபொருட் சொற்களாகவே வழங்கி வருகின்றன. நாவலில் வரும் கடல் வாழ்க்கையைக் குறிக்கும், விளக்கு அறிவைக் குறிக்கும் என்று சமன்பாடு எழுதியதும் ஆய்வு நிறைவெய்திவிட்டதாகக் கருதும் போக்கு பரீட்சை விடைத்தாளுக்கு உதவக்கூடும், இலக்கியத்துக்கு உதவாது. உருவகக்கதையிலே பாத்திரமும் பொருளும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட ஒரு கருத்துக்கு ஆடையாக அமைகின்றன. குறியீடோ முதலில் தன்னளவில் ஒரு பொருளாக நின்று, அதன் பின்னரே பிறவற்றைச் சுட்டுகின்றது. பொருளொன்றுக்கு ஒரே அர்த்தத்தை விதிக்க முற்படுவோரையும் அதனால் விளையும் துன்பத்தையும் தமது கதைப்பொருளாகவே கொண்ட இரு நாவல்களை இவ்விடத்து நோக்கலாம்.

நதானியேல் ஹோதோர்ணின் 'த ஸ்கார்லெற் லெற்றர்' 1850இலும், ஹேர்மன் மெல்விலின் 'மொபி டிக்' 1851இலும் வெளிவந்தன. இருவரும் 1850ஆம் ஆண்டு மசாசுசெற்ஸ் மாநிலத்திலே சந்தித்து நண்பராயினர். மெல்வில் தமது நாவலை ஹோதோர்ணுக்கே காணிக்கையாக்கினார்.

பதினேழாம் நூற்றாண்டுப் பொஸ்ரனின் பியூரித்தன் சமூகம் ஹெஸ்டர் பிரின் என்ற பெண்ணின் மார்பிலே 'ஏ' என்ற எழுத்தை அணிவிக்கின்றது. அவளைத் தண்டித்தோர் அதற்கு ஓர் அர்த்தமே உண்டு என்று நம்பினர். உயிருள்ள பெண்ணொருத்தியை உருவகக்கதைப் பாத்திரமாக மாற்றிவிடும் முயற்சி இது. சேலம் நகரில் 1692இல் நடைபெற்ற சூனியக்காரர் விசாரணைகளில் நீதிபதியாக அமர்ந்தோருள் ஹோதோர்ணின் முன்னோர் ஒருவரும் இருந்தார் என்பதை நினைவிற்கொண்டால், ஆசிரியரின் அக்கறை எங்கிருந்து பிறந்தது என்பது ஓரளவு புலனாகும். ஆனால் ஹெஸ்டரோ அவ்வெழுத்தைப் பொன்னிழையால் அழகுற வேலைப்பாடு செய்து அணிகின்றாள். தையலால் உழைத்துப் பிழைக்கின்றாள், நோயாளரைப் பேணுகின்றாள். ஆண்டுகள் செல்ல, அதே எழுத்துக்கு 'ஆற்றல் மிக்கவள்' எனப் பொருள்படும் வேறோர் ஆங்கிலச் சொல்லை ஊரார் கூறத் தொடங்குகின்றனர். எழுத்து மாறவில்லை, அவளது உழைப்பே அதன் அர்த்தத்தை மாற்றியது. அவள்மீது சுமத்தப்பட்ட குற்றத்தின் பெயரை ஹோதோர்ண் நாவலில் எங்குமே எழுதவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இரவு வானில் எரிகொள்ளி ஒன்று ஒளிரும்போது, தன் பாவத்தை மறைத்து வாழும் போதகர் டிம்ஸ்டேல் அங்கும் அவ்வெழுத்தையே காண்கிறார். அன்றிரவு இறந்த ஆளுநர் தேவதூதராகிவிட்டமைக்கு அதுவே அடையாளம் என்று மறுநாள் தேவாலயப் பணியாளர் விளக்குகிறார். வானத்தில் உண்மையில் இருந்தது என்ன என்பதை ஆசிரியர் உறுதிப்படுத்துவதில்லை. இறுதிக் காட்சியில் போதகரின் மார்பில் என்ன காணப்பட்டது என்பது பற்றியும் சாட்சிகள் முரண்படுகின்றனர்.

எனினும் ஹோதோர்ண் எங்கும் வெற்றி பெற்றார் என்று கூறுவதற்கில்லை. குழந்தை பேர்ல் பல இடங்களில் குழந்தையாக அன்றி, செந்நிற உடை தரித்த ஒரு கருத்தாகவே நடமாடுகின்றாள். அவரது உருவக நாட்டத்தை 1847இலேயே எட்கார் அலன் போ கடுமையாகச் சாடியிருந்தார். 1879இல் ஹென்றி ஜேம்சும் இந்நாவலிற் குறியீடு அளவுமீறியதென்றார். பேர்லைப் பொறுத்தவரை அவர்களது கண்டனம் பொருத்தமானதே.

மெல்வில் இவ்விடர்ப்பாட்டை நன்கு உணர்ந்திருந்தார் எனலாம். திமிங்கில வேட்டையின் மெய்ம்மைகளை அறியாதோர் வெண் திமிங்கிலத்தை வெறும் உருவகக்கதையாகக் கொண்டுவிடுவரோ என்று, கதைசொல்லியான இஷ்மேல் நாற்பத்தைந்தாம் அத்தியாயத்தில் அஞ்சுகிறான். அதனாலேயே 1820இல் திமிங்கிலமொன்று தாக்கி மூழ்கிய 'எசெக்ஸ்' கப்பலைச் சான்றாகக் காட்டுகிறான். விளக்கில் எரியும் எண்ணெயின் ஒவ்வொரு கலனுக்கும் மனிதக் குருதி சிந்தப்பட்டுள்ளது என்று அவன் எச்சரிப்பதும் இதே அத்தியாயத்திலேயாகும். குறியீட்டு நாவல்கள் உழைக்கும் மனிதரை மறைப்பவை என்று பொதுப்படக் கூறுவோர் இவ்வத்தியாயத்தைப் படித்தல் வேண்டும். 1841இல் 'அகுஷ்னெற்' என்ற கப்பலிலே திமிங்கில வேட்டைக்குச் சென்ற மெல்வில், கயிறு, ஈட்டி, கொழுப்பு உருக்கும் அடுப்பு ஆகியவற்றைப் பக்கம் பக்கமாக விவரிக்கிறார். சலிப்பூட்டுவனவாகக் கருதப்படும் அப்பக்கங்கள் இல்லையேல் திமிங்கிலத்துக்கு எடை இல்லை. எடையற்றது எதனையும் குறிக்க மாட்டாது.

தன் காலைப் பறித்த விலங்கிலே உலகின் தீமை முழுவதையும் ஏற்றிவிடுகிறான் கப்பற்றலைவன் ஏஹாப். ஹெஸ்டரைத் தண்டித்தோர் செய்ததும் இதுவே. அவனது ஒற்றை வாசிப்புக்கு இஷ்மேல் ஒருவனைத் தவிர மாலுமியர் அனைவரும் பலியாகின்றனர்.

அதற்கு எதிரிடையாக அமைவது தொண்ணூற்றொன்பதாம் அத்தியாயம். வெண் திமிங்கிலத்தை முதலிற் காண்பவனுக்குப் பரிசாகப் பாய்மரத்தில் அறையப்பட்ட எக்குவடோர் நாட்டுப் பொற்காசை ஒவ்வொருவராக வந்து பார்க்கின்றனர். ஏஹாப் அதன் கோபுரத்திலும் எரிமலையிலும் சேவலிலும் தன்னையே காண்கிறான். ஸ்ரார்பக் திரியேக தெய்வத்தைக் காண்கிறான்; ஸ்ரப் பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து இராசிகளை ஒப்பிடுகிறான். பிளாஸ்க்குக்கு அது பதினாறு டொலர் மட்டுமே: சுருட்டு இரண்டு சதமாயின் 960 சுருட்டு என்கிறான். (கணக்கு 800தான் வரும், யதார்த்தவாதியின் கூட்டலும் பிழைக்கிறது!) 1852இல் ஹோதோர்ணின் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், தமது நூல் முழுவதும் உருவகமாகக் கொள்ளத்தக்கது என்ற தெளிவற்ற எண்ணம் எழுதும்போது தமக்கு இருந்ததாக மெல்வில் குறிப்பிட்டார். தெளிவற்றிருந்தமை நன்றே, தெளிவு கூடியிருந்தால் அக்காசு ஒருவனுக்கே உரியதாகியிருக்கும்.

கடைசியாக வருபவன் பிப் என்னும் கறுப்பினச் சிறுவன். நடுக்கடலில் கைவிடப்பட்டுச் சித்தம் கலங்கியவன். அவன் காசுக்குப் பொருள் கூறுவதில்லை. பார்த்தல் என்னும் வினையைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று இலக்கண வாய்பாடாக ஒப்புவிக்கிறான். பின்னர், உயிர்த்தெழும் நாளில் இம்மரத்தைக் கடலிலிருந்து தூக்குவோர் சிப்பிகள் படிந்த அதன் உடலில் இக்காசைக் காண்பர் என்கிறான்.