திரும்பி வந்தது எந்த அணி?

வின்னிபெக் நகரத்துக்கு என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீக் திரும்புகிறது என்ற அறிவிப்பு 2011 மே 31 அன்று வெளியானது. கனடாவின் மனிடோபா மாகாணத் தலைநகரான அந்த ஊர், தன் ஜெட்ஸ் அணியை 1996-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்துக்குப் பறிகொடுத்திருந்தது. அறிவிப்பைக் கேட்ட ஜனங்கள் போர்ட்டேஜ்–மெயின் சந்திப்பில் திரண்டு ஆடித் தீர்த்தார்கள். லீக் எதிர்பார்த்த சீசன் டிக்கெட் எண்ணிக்கை 13,000. அதில் பொது விற்பனைக்கு வந்தவை பதினேழே நிமிடத்தில் தீர்ந்துபோயின. வாங்கியவர்கள் ஒரு வருடத்துக்குப் பணம் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது. மூன்று முதல் ஐந்து வருடம் வரை தொடர்ந்து வாங்குவதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஊரின் பாசம்தான் அணியை மீட்டுக்கொண்டு வந்தது என்று அன்று எழுதாத பத்திரிகை இல்லை.

அந்தப் பாசம் 1995-இலும் இருந்தது. அணி போகப்போகிறது என்று தெரிந்ததும் ஆயிரக்கணக்கானோர் பேரணி நடத்தினார்கள், கடைகளிலும் தெருக்களிலும் நிதி திரட்டினார்கள், பிள்ளைகள் உண்டியலை உடைத்துக் காசு கொடுத்தார்கள். அணி ஒரே ஒரு வருடம் தங்கிவிட்டுக் கிளம்பிவிட்டது. 1995-இல் தோற்ற பாசம் 2011-இல் எப்படி ஜெயித்தது? இடையில் மாறியவை வேறு. வீரர்களுக்குச் சம்பளம் அமெரிக்க டாலரில்; டிக்கெட் வருமானம் கனடிய டாலரில். தொண்ணூறுகளின் நடுவில் கனடிய டாலர் அமெரிக்க டாலரில் முக்கால்வாசிக்கும் கீழே கிடந்தது. 2011-இல் இரண்டும் ஏறக்குறைய சமம். 2004–05 சீசன் முழுவதையும் காவு வாங்கிய கதவடைப்புக்குப் பிறகு ஒவ்வோர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு வந்தது. சின்ன ஊர் அணியும் பெரிய ஊர் அணியோடு மல்லுக்கு நிற்க அதனால் வழி பிறந்தது. வசதிப் பெட்டிகளுக்கு இடமில்லாத பழைய அரங்கத்துக்குப் பதிலாக, 2004-இல் நகரத்தின் நடுவிலேயே புதிய அரங்கம் எழுந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கனடாவின் மிகப் பெரிய செல்வந்தர்களில் ஒருவரான டேவிட் தாம்சன் பணத்தோடு வந்தார். உள்ளூர்க்காரர் மார்க் சிப்மன் முன்னால் நின்று நடத்தினார்.

இதைச் சொல்வது ரசிகர்களைச் சிறுமைப்படுத்த அல்ல. பாசம் இல்லாவிட்டால் பதினேழு நிமிடக் கணக்கே கிடையாது. பழைய சந்தைக்குத் திரும்புவதில் உள்ள பெரிய லாபமும் அதுதான்: ஆட்டத்தை யாருக்கும் கற்றுத்தர வேண்டாம். பாலைவன ஊரில் ஓர் அணி பத்து வருடம் பாடுபட்டுச் சேர்க்க வேண்டிய கூட்டம், இங்கே முதல் நாளே வாசலில் நிற்கிறது. 1987 பிளே-ஆஃபில் தொடங்கிய வழக்கப்படி அரங்கம் முழுக்க வெள்ளை உடையில் வந்து உட்கார, யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. பெற்றோர் செய்ததைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். அதோடு இன்னொன்றையும் சேர்த்தார்கள். கனடிய தேசிய கீதத்தில், உரிமையாளர் நிறுவனமான ட்ரூ நார்த்தின் பெயரோடு ஒத்துப்போகும் இரு சொற்கள் வரும் இடத்தில் மட்டும் அரங்கமே தொண்டை கிழியக் கத்துகிறது. தேசிய கீதத்துக்கு நடுவே ஒரு கம்பெனிக்கு நன்றி! கேட்க வேடிக்கைதான், ஆனால் ஊரின் மனநிலையை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் காட்சி வேறில்லை.

குறை எங்கே தொடங்குகிறது? வந்தது பழைய அணி இல்லை என்பதில். உண்மையில் ட்ரூ நார்த் முதலில் கண் வைத்தது பழைய அணியின் மேல்தான். ஃபீனிக்ஸில் கயோட்டீஸ் என்று பெயர் மாறிய அந்த அணி 2009-இல் திவால் நீதிமன்றம் வரை போய், லீக்கின் கைக்கு வந்திருந்தது. அதன் அரங்கம் இருந்த கிளெண்டேல் நகராட்சி, அணியைத் தக்கவைக்க 2011 மே மாதம் இன்னொரு முறை 2.5 கோடி டாலர் கொடுக்க முடிவெடுத்தது. ஏற்கெனவே ஒரு வருடத்துக்கு அதே தொகையை ஒப்புக்கொண்ட ஊர் அது. அந்த ஓட்டெடுப்பு நடந்து சில வாரங்களில் வின்னிபெக் வேறு பக்கம் திரும்பி, அட்லாண்டாவின் த்ராஷர்ஸ் அணியை வாங்கியது. விலை 17 கோடி டாலர். அதில் 6 கோடி இடமாற்றக் கட்டணமாக லீக்குக்கே போனது.

ஆக, கிளெண்டேல் வரிசெலுத்துவோரின் பணத்தைக் கறக்க உதவியது எது? வின்னிபெக் காத்திருக்கிறது என்ற நினைப்பு. அரங்கமும் ஆவலும் உள்ள, அணி மட்டும் இல்லாத ஓர் ஊர் வரைபடத்தில் இருக்கும்வரை, இருக்கிற ஊர்களிடம் பேரம் பேசும் ஒவ்வோர் உரிமையாளருக்கும் அது துருப்புச் சீட்டு. பழைய ஊரின் ஏக்கத்தை லீக் காசாக்குவது அணி திரும்பும்போது மட்டும் அல்ல, திரும்பாமல் இருக்கும்போதும்தான்.

வரலாற்றுக் கணக்கும் குழம்பிப்போனது. பழைய ஜெட்ஸின் சாதனைகள் எல்லாம் ஃபீனிக்ஸ் இருக்கும் அரிசோனாவின் பேரேட்டில். புதிய ஜெட்ஸின் பேரேட்டிலோ அட்லாண்டாவின் சாதனைகள். அதனால், வின்னிபெக்குக்காக ஒரு நிமிடம்கூட ஆடாத இல்யா கோவல்சுக், வின்னிபெக் அணியின் அதிக கோல் பட்டியலில் பல வருடம் முதலிடத்தில் இருந்தார். முதல் சீசனிலேயே 76 கோல் அடித்து அந்த ஊரைக் கிறங்கடித்த டீமு செலானி அந்தப் பட்டியலில் இல்லை. 9-ஆம் எண் ஜெர்சி பழைய அணியில் பாபி ஹல்லுக்காக ஓய்வு கொடுக்கப்பட்டது. அட்லாண்டாவிலிருந்து வந்த இவாண்டர் கேன் அதே எண்ணை அணிந்திருந்தார். விதிப்படி தடை ஏதும் இல்லை, ஆனாலும் ஹல்லின் சம்மதத்தோடுதான் அந்த எண் தொடர்ந்தது. 2024-இல் அரிசோனா வீரர்கள் யூட்டா மாநிலத்துக்குப் போனபோது லீக் அதைப் புது அணியாகவே பதிந்துகொண்டது. பழைய ஜெட்ஸ் வீரர்களான ஹல், ஹவர்சக் காலத்துக் கணக்குகள் அரிசோனாவிலேயே அநாதையாக நின்றன. பழைய பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு பழைய கணக்கை விட்டுவிடுவதை, நியாயமான மரபுரிமை என்று என்னால் ஒப்ப முடியவில்லை.

இதைவிடக் கடுமையான குறை பத்து வருடம் கழித்துத் தெரிந்தது. பெருந்தொற்றுக்குப் பிறகு சீசன் டிக்கெட் எண்ணிக்கை 13,000-ஐ ஒட்டிய நிலையிலிருந்து 9,500-க்கு வந்தது. 2011-இல் சேர்க்கப்பட்ட காத்திருப்போர் பட்டியல் கைகொடுக்கவில்லை. 2024 தொடக்கத்தில், இப்படியே போனால் நெடுங்காலம் தாங்காது என்று சிப்மனே வெளிப்படையாகச் சொன்னார். லீக் தலைவர் கேரி பெட்மன் நேரில் வந்து போனார். ஊருக்கு அந்தப் பேச்சு எப்படிக் காதில் விழுந்திருக்கும்? ஒருமுறை அணியை இழந்தவர்களிடம் டிக்கெட் விற்கத் தனியாக மிரட்ட வேண்டியதில்லை. கவலையாகப் பேசினாலே போதும். சிப்மன் மிரட்டினார் என்று நான் சொல்லவில்லை, அவர் சொன்ன கணக்கும் பொய்யில்லை. லீக்கின் மிகச் சிறிய ஊர்களில் ஒன்று, பெரிய கம்பெனிகள் குறைவு, அரங்கமும் சிறியது. தனிமனிதர்கள் சம்பளத்திலிருந்து எடுத்துக் கட்டும் பணத்தில்தான் இங்கே அணி ஓடுகிறது. மறுபடி போய்விடுமோ என்ற பயம் முதல் ஐந்து வருடத்துக்கு நல்ல விற்பனையாளர். பதினைந்தாம் வருடத்தில் அது ரசிகனைச் சலிக்கவைக்கிறது. 2024–25 சீசனில் அணி லீக் ஆட்டங்களில் முதலிடம் பிடித்து பிரெசிடெண்ட்ஸ் கோப்பையை வென்றது. கோல்காப்பாளர் கானர் ஹெல்லிபக் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருது பெற்றார். அணி ஜெயிக்கும்போது கூட்டம் வரும். தோற்கும் வருடங்களில் என்ன என்பதுதான் கேள்வி.

கியூபெக் நகரத்தின் கதை இதற்கு நேர்மாறு. 1995-இல் அதன் நார்டிக்ஸ் அணி டென்வருக்குப் போய், அடுத்த வருடமே ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது. வயிற்றெரிச்சலுக்கு வேறென்ன வேண்டும்? வின்னிபெக்கைப் பார்த்து நம்பிக்கை கொண்ட அந்த ஊர், 18,000-க்கு மேல் இருக்கைகள் உள்ள அரங்கத்தைப் பொதுப்பணத்தில் கட்டி 2015-இல் திறந்தது. அணி வரவில்லை. கியூபெகோர் நிறுவனம் கொடுத்த விண்ணப்பத்தை லீக் 2016-இல் ஒத்திப்போட்டுவிட்டு, 50 கோடி டாலர் வாங்கிக்கொண்டு லாஸ் வேகாஸுக்கு அணி கொடுத்தது. 2024-இல் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணி இரண்டு பயிற்சி ஆட்டங்களுக்குக் கியூபெக் வர, மாகாண அரசு லட்சக்கணக்கில் மானியம் ஒதுக்கியது. எதிர்க்கட்சிகளும் ஜனங்களும் பிடித்து உலுக்கிவிட்டார்கள். கல்யாணம் நிச்சயமாவதற்கு முன்பே மண்டபத்துக்கு முழுப்பணம் கட்டிய குடும்பத்தின் நிலைதான். வின்னிபெக் அரங்கத்திலும் அரசுப் பணம் உண்டு, ஆனால் பெரும்பங்கு தனியாருடையது. அணி வராமல் போயிருந்தாலும் கீழ்நிலை லீக் அணியையும் கச்சேரிகளையும் வைத்து ஓட்டக்கூடிய அளவில்தான் அதைக் கட்டினார்கள்.

மினசோட்டா போன வழி எனக்கு ஓரளவு சுத்தமாகத் தெரிகிறது. நார்த் ஸ்டார்ஸ் அணி 1993-இல் டல்லாஸுக்குப் போனது. 2000-இல் செயின்ட் பால் நகரத்தில் வைல்ட் என்ற புது அணி, புதுப் பெயர், புதுக் கணக்கு. எந்த ஊரின் அணியையும் பிடுங்கவில்லை. ஆனால் அந்த வழிக்கு லீக் கேட்கும் விலை இன்று சின்ன ஊர்களுக்கு எட்டாது. சியாட்டில் கட்டியது 65 கோடி டாலர்.

அட்லாண்டாவை யாரும் ஏக்கத்தோடு பேசுவதில்லை. 1980-இல் ஃபிளேம்ஸை கால்கரிக்கும், 2011-இல் த்ராஷர்ஸை வின்னிபெக்குக்கும், இரண்டையும் கனடாவுக்கே கொடுத்த ஊர் அது. ‘அது ஹாக்கி ஊரே இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். த்ராஷர்ஸ் ஆடிய பதினொரு சீசனில் பிளே-ஆஃப் பார்த்தது ஒரே தடவை, அதிலும் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. உரிமையாளர் குழுவோ தங்களுக்குள் வருடக்கணக்காக வழக்காடிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட அணிக்கு வின்னிபெக்கிலும் கூட்டம் கரைந்திருக்கும். இப்போது அட்லாண்டாவின் வடக்குப் புறநகர்களில் மூன்றாம் முயற்சிக்கு அரங்கத் திட்டங்கள் பேசப்படுகின்றன. ஐம்பது லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பெருநகரம் என்பதால் லீக்குக்கும் ஆசை உண்டு. அந்தப் புறநகர் நிர்வாகங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் விசாரிக்க வேண்டிய ஊர் வின்னிபெக் இல்லை, கிளெண்டேல்.