வெலோனியும் நம் நாவும்

எங்கள் அன்பியக் கூட்டம் முடிந்து, தேநீரும் பஜ்ஜியும் கைமாறும் நேரத்தில், பேச்சு எப்படியோ ‘வதந்தி’ தொடரின் பக்கம் திரும்பிவிட்டது. குடும்பத்தோடு பார்த்து முடித்தவர்கள் நால்வர் இருந்தனர். கொலையாளி யாராய் இருப்பான் என்று எந்தப் பகுதியில் தாம் கண்டுகொண்டோம் என்பதை ஒவ்வொருவரும் பெருமையோடு எடுத்துரைத்தனர். எஸ்.ஜே.சூர்யாவின் நடிப்பை ஒருவர் மெச்சினார். லைலாவா அது என்று மற்றொருவர் வியந்தார். அப்போது ஓர் அன்பர், “என்னதான் சொல்லுங்க, அந்தப் புள்ள நடவடிக்கையும் சரியில்லீங்களே” என்றார். பலரும் தலையசைத்தோம். ஆம், நானும் அசைத்தேன்.

அதுவரை வாய் திறவாதிருந்த முதிய அம்மையார் ஒருவர் மெல்லக் கேட்டார்: “ஏனுங்க, அந்தப் புள்ளய நீங்க பாத்தீங்களா, இல்ல அடுத்தவங்க சொன்னதக் கேட்டீங்களா?”

அந்த வினா என்னை மீண்டும் ஒருமுறை அத்தொடரைப் பார்க்க வைத்தது. இக்கட்டுரையும் அவ்வினாவிற்கு நான் எழுதும் விடையே.

ஆண்ட்ரூ லூயிஸ் எழுதி இயக்கி, புஷ்கர் - காயத்ரி இணையர் தயாரித்த ‘வதந்தி’ 2022 டிசம்பர் 2 அன்று அமேசான் பிரைம் தளத்தில் எட்டுப் பகுதிகளாக வெளியாயிற்று. கதை நிகழும் களம் கன்னியாகுமரி. வெலோனி என்னும் ஆங்கிலோ இந்திய இளம்பெண் கொலையுண்டு கிடக்கிறாள். கிடந்தவள் ஒரு திரைப்பட நடிகை என்று முதலில் ஊரெங்கும் செய்தி பரவுகிறது. அது பொய்யென்று தெரிந்த பிறகே, இறந்தவள் யார் என்ற தேடல் தொடங்குகிறது. ஆக, வெலோனி நமக்கு அறிமுகமாவதே ஒரு வதந்தியின் வழியாகத்தான். வழக்கை ஏற்கும் காவல் உதவி ஆய்வாளர் விவேக் வீடு வீடாய்ச் சென்று விசாரிக்கிறார். கேட்கும் ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒவ்வொரு வெலோனி பிறக்கிறாள்.

நம் கோவை மக்களுக்குக் குற்றக் கதை புதிதன்று. 1500-க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ராஜேஷ்குமார் இம்மண்ணின் எழுத்தாளர். பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய அவருடைய மாத நாவல்களை வாங்கி, உக்கடத்தில் ஏறிப் பொள்ளாச்சியில் இறங்குவதற்குள் படித்து முடித்த தலைமுறை நம்முடையது. அவர் படைத்த துப்பறிவாளரின் பெயரும் விவேக் என்பது இனிய ஒற்றுமை. அக்கதைகள் நமக்கு ஒரு பயிற்சியை அளித்தன: தடயத்தைத் தேடு, நோக்கத்தைக் கண்டுபிடி, கொலையாளியைச் சுட்டு. ‘வதந்தி’யையும் நாம் அந்தப் பயிற்சியோடுதான் அணுகினோம். அத்தொடரோ வேறொன்றை நம்மிடம் எதிர்பார்க்கிறது.

அது என்ன என்பதை விளக்க, தமிழ்த் திரையின் பழைய படம் ஒன்று உதவும். 1954-இல் எஸ்.பாலசந்தர் இயக்கத்தில் ஏ.வி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘அந்த நாள்’ பாடல்களே இல்லாத படம். வானொலிப் பொறியாளர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். சுற்றியிருப்போர் ஒவ்வொருவரும் தத்தம் கோணத்தில் கதை சொல்கின்றனர். கதைக்குக் கதை அங்கே மாறுவது நம் சந்தேகம். இவன் கொன்றானோ, அவள் கொன்றாளோ என்று நம் விரல் ஆள்மாறி ஆள்மாறி நீள்கிறது. ‘வதந்தி’யிலோ கதைக்குக் கதை மாறுபவள் கொலையுண்டவளே. ஒருவர் வாய்ச்சொல்லில் அவள் அடங்காதவள், மற்றொருவர் சொல்லில் ஏமாற்றுக்காரி, இன்னொருவர் சொல்லில் பேதை. அவளுக்கு மட்டும் பேச வாயில்லை. சாட்சிகள் சொல்லும் கதைகள் வெலோனியைக் காட்டிலும் சொல்பவர்களைப் பற்றியே அதிகம் தெரிவிக்கின்றன. ஆசைப்பட்டுக் கிடைக்காதவன் அவளைத் தூற்றுகிறான். தன் தவற்றை மறைக்க வேண்டியவன் அவள் மீது தவற்றை ஏற்றுகிறான். ‘இந்தப் பாத்திரம் ஏன் இப்படிச் செய்தது’ என்று விவாதித்த நாம், ‘இந்தச் சாட்சி ஏன் இப்படிச் சொல்கிறது’ என்று கேட்க மறந்தோம்.

நடிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். உரத்த குரலும் மிகையான சைகையும் எஸ்.ஜே.சூர்யாவின் அடையாளங்களாய் இருந்தவை. ‘ஸ்பைடர்’ (2017), ‘மாநாடு’ (2021) படங்களைக் கண்டவர்கள் அறிவர். இங்கு அவர் அவற்றைப் பெரும்பாலும் அடக்கி வைத்திருக்கிறார். விடை கிடைக்காத வழக்கு ஒருவனின் உறக்கத்தையும் இல்லறத்தையும் எப்படி அரிக்கும் என்பதைக் களைத்த கண்களால் காட்டுகிறார். வெலோனியின் தாய் ரூபியாக வரும் லைலா ‘பிதாமக’னில் நாம் கண்ட குறும்புப் பெண் அல்லர். கண்டிப்பும் அச்சமும் குற்றவுணர்வும் ஒன்றோடொன்று பின்னிய தாய் அவர். மகளைக் காப்பதாய் எண்ணி மகளை நெருக்கும் அத்தாயை வெறுக்கவும் முடிவதில்லை, ஏற்கவும் முடிவதில்லை. வெலோனியாக அறிமுகமான சஞ்சனாவின் பணியே கடினமானது. ஒரே முகத்தைக் கொண்டு பலர் கற்பனைக்கேற்பப் பல பெண்களாய் மாற வேண்டும். அவர் அதைச் செய்திருக்கிறார்.

குறைகளும் உண்டு. நடுப்பகுதிகள் தேவைக்கு மேல் நீள்கின்றன. சில திருப்பங்கள் நம்மைத் திசைதிருப்புவதற்கென்றே நுழைக்கப்பட்டவை. அதைவிடப் பெரிய குறை ஒன்று: சாட்சிகளின் பார்வை பொய்யானது என்று சொல்ல வந்த தொடர், அதே பார்வையைச் சற்று நேரம் சுவைத்தும் பார்க்கிறது. ஊரார் கண் வெலோனியின் மேல் எப்படி ஊர்ந்ததோ, ஒளிப்படக் கருவியும் சில இடங்களில் அப்படியே ஊர்கிறது. நோயைக் காட்ட வந்தவர் நோயைச் சிறிதளவு பரப்பியும் விடுகிறார்.

கூட்டத்தில் வினாவெழுப்பிய அம்மையார் போத்தனூரில் இரயில்வே குடியிருப்புக்கு அருகில் வளர்ந்தவர். இரயில் சந்திப்பாய் விளங்கிய போத்தனூரில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல தலைமுறைகளாய் வாழ்ந்தன என்பது நாமறிந்ததே. கவுன் அணிந்து தேவாலயத்திற்கு வந்த அந்தப் பெண்கள் பலர் ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் தட்டெழுத்தாளராகவும் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கியவர்கள். தமிழ்த் திரையோ நெடுங்காலம் அவர்களை மதுக்கூடத்து நடனக்காரியாகவே காட்டியது. “சினிமாவுல பாத்ததத்தான் எங்க தெருவுலயும் பேசினாங்க. எங்கூடப் படிச்ச புள்ளைக்கு வந்த வரன் அந்தப் பேச்சாலயே தட்டிப் போச்சுங்க” என்றார் அவர். அன்று யாரும் கொலையுண்ணவில்லை, காவலர் வரவில்லை, வழக்குமில்லை. ஒரு பெண்ணின் வாழ்வு மட்டும் திசைமாறியது.

விவிலியத்தில் தானியேல் நூலின் சூசன்னா நிகழ்வை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை. மதிப்புமிக்க முதியவர் இருவர் ஒரு பெண்ணின் மீது பழி சுமத்துகின்றனர். சபை ஆராயாமல் நம்பிச் சாவுத் தீர்ப்பு வழங்குகிறது. இளைஞர் தானியேல் இருவரையும் பிரித்து, ‘எந்த மரத்தடியில் கண்டீர்’ என்று தனித்தனியே வினவுகிறார். இருவரும் வெவ்வேறு மரங்களைச் சொல்லப் பொய் வெளிப்படுகிறது. உலகின் பழமையான துப்பறியும் கதைகளுள் இதுவும் ஒன்றாகப் போற்றப்படுகிறது. தானியேல் வந்தபோது சூசன்னா உயிரோடு இருந்தாள். இறைவனை நோக்கிக் கதறவும் அவளால் இயன்றது. விவேக் வந்தபோது வெலோனி பிணமாய்க் கிடந்தாள். அவளுக்காக அவரால் மீட்க முடிந்தது அவள் பெயர் ஒன்றையே. அந்தப் பெயரை மீட்க எட்டுப் பகுதிகள் தேவைப்பட்டன. அதைக் கெடுக்கவோ ஒரு தேநீர்ப் பொழுது போதுமானதாய் இருந்தது.

தமிழ் மரபும் இதை அறியாததன்று. ஒரு பொற்கொல்லனின் சொல்லை ஆராயாமல் ஏற்ற பாண்டியனால் கோவலன் வெட்டுண்டான், மதுரை எரிந்தது. வள்ளுவர் புறங்கூறாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். எட்டாம் கட்டளையை நாம் சிறு வயது முதல் மனப்பாடமாய்ச் சொல்லி வருகிறோம். பொய்ச் சான்று என்றதும் நீதிமன்றக் கூண்டையே எண்ணிக்கொள்கிறோம். நம் வீட்டுத் திண்ணையிலும் ஒரு கூண்டு உண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

கொலையாளி யார் என்பதை நான் இங்கு எழுதவில்லை. இனிப் பார்ப்போரின் சுவையைக் கெடுக்க வேண்டாம் என்பது ஒரு காரணம். இத்தொடரின் சிறப்பு அவ்விடையில் தங்கியிருக்கவில்லை என்பது மற்றொன்று. பார்க்கும்போது ஒன்றை மட்டும் செய்யுங்கள். வெலோனியைப் பற்றி உங்களுக்குள் ஒரு முடிவு உருவாகும் கணத்தில் சற்று நிறுத்தி, இதை எனக்குச் சொன்னவர் யார், அவருக்கு இதனால் என்ன ஆதாயம் என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாம் பகுதியிலேயே தீர்ப்பெழுதி முடித்த என்னைப் போன்றோருக்கு அது வெட்கத்தைத் தரும்.

அடுத்த கூட்டத்தில் அதே அன்பர் என்னருகே வந்து அமர்ந்தார். “அன்னிக்கு நாஞ் சொன்னது தப்புங்க” என்றார். தலையசைத்தவன் நானும்தான் என்றேன். அம்மையார் எங்கள் இருவருக்கும் தேநீரை நீட்டினார்.